கணக்கு சார் வீட்டு ஃபேன்

அன்று அந்தக் கூடத்தில் இருந்தவர்கள்: நான், ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த என் மச்சினன் முருகேசன், ஓய்வுபெற்ற கணக்கு சார், அவர் மனைவி, ட்யூஷனுக்கு வந்து தரையில் உட்கார்ந்திருந்த ஏழு பிள்ளைகள். ஆக, பதினொரு பேர். (இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டேன். என் கணக்கு எப்படி என்பது போகப்போகத் தெரியும்.)

குன்னத்தில் ஒயரிங் வேலை பார்க்கிறேன். மெயினை அணைத்த பிறகும் மூன்று தடவை டெஸ்டர் வைத்துப் பார்க்கிற ஆள். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவன். ஏன் என்று கேட்ட முருகேசனிடம், அடிக்க வந்த வாத்தியாரின் பிரம்பைப் பிடுங்கி, இரண்டாக ஒடித்து, அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன் என்று சொல்லியிருந்தேன். மாமனார் வீட்டில் எனக்கிருந்த மரியாதையே இந்த ஒரு கதையில்தான் நின்றது.

அரியலூரில் ஒரு வீட்டில் ஃபேன் ஓடவில்லை என்று ஃபோன் வந்தது. போய்க் கதவைத் தட்டினால், திறந்தது அதே வாத்தியார்.

"சட்டக் கைய ஏன்டா மடிச்சு வுட்ருக்க? எறக்கு."

இறக்கினேன். முருகேசன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

சாரின் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. விடைக்குச் சிவப்பு வட்டம் விழுந்தால் நாமாகவே கையை நீட்ட வேண்டும். நீட்டினால் ஒரு அடி. அவர் கேட்டு நீட்டினால் இரண்டு. நடுவில் இழுத்துக்கொண்டால் மறுபடி முதலிலிருந்து. ஊரே இதைக் கண்டிப்பு என்று மெச்சியது. (மெச்சியவர்கள் யாரும் கை நீட்டியதில்லை.)

கண்டென்சரும் ரெகுலேட்டரும் மாற்றினேன். ஃபேன் பிய்த்துக்கொண்டு ஓடியது. துண்டுச்சீட்டில் பில் எழுதினேன்: கண்டென்சர் நூற்றிருபது, ரெகுலேட்டர் இருநூற்று முப்பது, கூலி முந்நூறு, மொத்தம் ஐந்நூற்றைம்பது. சார் சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். மொத்தத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

"அறுநூத்தம்பதுடா. நூறு ரூவா ஒனக்குத்தான் நட்டம்" என்றபடி பணம் எடுக்க உள்ளே போனார்.

திரும்பி வந்தபோது என் வலது கை நீண்டிருந்தது. கண் இறுக மூடியிருந்தது, முகம் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது, ஒரு கால் தரையிலேயே இல்லை. (இதெல்லாம் முருகேசன் சொல்லித் தெரிந்தது.) உள்ளங்கையில் என்னவோ பட்டது. வெடுக்கென்று இழுத்தேன். நான் சரிசெய்த ஃபேனின் காற்றில் நோட்டுகள் கூடம் முழுக்கப் பறந்தன.

"இழுத்தா மறுபடி மொதல்லேருந்து" என்றது சாரின் வாய், பழக்கத்தில்.

மறுபடி நீட்டினேன்.

பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். சார் பூரித்துப் போனார். "பாத்துக்கங்கடா. செவுரேறிக் குதிச்சு ஓடின பய. இத்தன வருசம் ஆகியும் பயம் போகல. அதுக்குப் பேருதான் ஒழுக்கம்."

"பெரம்ப ஒடிச்சேன்னீங்களே மாமா?" என்றான் முருகேசன்.

நோட்டு பொறுக்கிக்கொண்டிருந்த சாரின் மனைவி நிமிராமலே சொன்னார்: "அம்புட்டு அடிச்சும் கூட்டல் வரலியேங்க."

சார் ஃபேனை நிமிர்ந்து பார்த்தார். அந்த இடைவெளியில் நான் வெளியே இருந்தேன். இந்த முறை வாசல் வழியாக. ஏணி, பணம், மச்சினன் எல்லாம் உள்ளேயே.

ஏணியை முருகேசன் தூக்கி வந்துவிட்டான். பணத்தை மட்டும் சார் கொடுக்கவில்லை, அவனே நேரில் வந்து வாங்கிக்கட்டும் என்று சொல்லியனுப்பினார். இப்போது வீட்டில் மாத்திரை கொடுத்தால்கூட என் மனைவி, "கண்ணத் தொறந்துகிட்டு வாங்குங்க" என்கிறாள்.

நான் போகவில்லை. வரவேண்டிய பாக்கி ஐந்நூற்றைம்பது. இல்லை, அறுநூற்றைம்பது ரூபாய்.