பலகைக்கு அடியில் காந்தம் அங்கிள்

கிரகங்கள் எப்படிப் பிறந்தன என்ற கவலையில் சோற்றை ஆறவிட்ட மனிதர் பிரிக்ஃபீல்ட்ஸிலேயே எங்கள் காந்தம் அங்கிள் ஒருவர்தான். கிள்ளானில் ஜன்னல் கிரில் செய்யும் பட்டறையை மூடிவிட்டு, ஒரு வாளி இரும்புத்தூளோடு எங்கள் அடுக்குமாடிக்குக் குடிவந்தவர். சட்டைப்பையில் எப்போதும் ஒரு முரட்டுக் காந்தம். வாழையிலைக் கடையில் சாப்பிட்டு எழுந்தால் கடைக்காரர் பின்னாலேயே ஓடிவருவார்.

"அங்கிள், கரண்டி லா!"

நெஞ்சில் ஒட்டிய கரண்டியைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டு, அங்கேயே பாடத்தைத் தொடங்கிவிடுவார்.

"பாஸ், சூரியன் சின்னப் பிள்ளையா இருந்தப்ப சுத்தி வெறும் தூசிதான். மத்த தூசி மோதினா சிதறிடும். இரும்புத்தூசி மேல சூரியனோட காந்தம் பட்டா, ஒண்ணை ஒண்ணு கட்டிப் பிடிச்சிக்கும். புதன் கிரகத்துக்கு வயிறு பூரா இரும்பு. ஏன்னு நெனைக்கிறீங்க?"

கடைக்காரர் அதற்குள் கல்லாவில் இருப்பார். இரும்புத்தூள் கிரகம்போல் உருண்டு சேருவதை யாராவது ஒருமுறையாவது கடைசிவரை நின்று பார்க்க வேண்டும், அங்கிளுக்கு வேறு ஆசையே கிடையாது.

தீபாவளிக்கு லாபியில் வண்ண அரிசிக் கோலம் போடுவோம். போன வருடம் நச்சரிப்புத் தாங்காமல் கமிட்டி அக்கா நடுவட்டத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தார். மஞ்சள் அரிசியில் சூரியன், சுற்றிலும் இரும்புத்தூள். காந்தத்தை ஆட்ட அடியில் இடம் வேண்டுமே! மெல்லிய பலகையை நாற்காலிகள்மேல் ஏற்றிக் கோலத்தைப் போட்டார்.

"நான் பிடிக்கிறேன், நீங்க மேல நின்னு பாருங்க அங்கிள்" என்றேன்.

"உங்க கை நடுங்கும் லா" என்று தானே உள்ளே புகுந்துவிட்டார்.

கூட்டம் சூழ்ந்தது. தூள் மெல்ல நகர்ந்தது. அந்த நேரம் பார்த்து அக்கா, "சாப்பாடு ரெடி!" என்றார். லாபி காலி. அப்போதுதான் அரிசிக்கு நடுவே எலுமிச்சை அளவில் ஒரு கறுப்பு உருண்டை முள்முள்ளாக எழுந்து நின்றது. அத்தனை அழகு. பார்த்தது நான் மட்டும்.

"வந்துச்சா?" என்றது அடியிலிருந்து குரல்.

"வந்துடுச்சு அங்கிள்!"

"எல்லாரும் பாக்கிறாங்களா?"

"எல்லாரும்தான்."

ஆசையாக வெளியே ஊர்ந்து வந்தார். காந்தமும் கையோடு வந்துவிட்டது. உருண்டை கலைந்து, பலகையில் வெறும் தூள். ஆளில்லாத லாபியையும் பார்த்தார்.

"அடுத்த வருஷம் நீங்க பிடிங்க" என்று சிரித்தார்.

அடுத்த வருடம்வரை அவர் இருக்கவில்லை. செமினியில் மகள் வீட்டில், தூக்கத்திலேயே போய்விட்டார். ஒரே ஒருமுறையாவது அது கோலத்தில் எழுந்து நின்றதை அவர் பார்த்திருக்கலாம். இன்னும் மனசு ஆறவில்லை.

இந்தத் தீபாவளிக்கு அதே பலகை, அதே தூள். அடியில் நான். கை நடுங்கவில்லை. "வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று மேலே கூட்டமே கத்தியது. பிறகு சாப்பிடக் கூப்பிட்டார்கள், எல்லாரும் போனார்கள். காந்தத்தை எடுத்தால் கலைந்துவிடுமே என்று நான் மட்டும் அடியிலேயே கிடந்தேன்.