ஃபோர்த்வித்

மாமனிதர்கள் எத்தனையோ பேர் தோன்றி மறைந்திருக்கலாம். ஆனால் 'ஃபோர்த்வித்' என்ற ஆங்கிலச் சொல்லை இடமறிந்து போடத் தெரிந்தவர் அந்த அலுவலகத்தின் தலைமை எழுத்தர் ஒருவர்தான். இதைச் சொன்னது வேறு யாருமல்ல, அவரேதான்.

அன்று வீட்டுச் சாவியை வாங்கிப்போக வந்த அவர் மனைவி லிஃப்டில் ஏறினார். அது இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றது. விளக்கும் அணைந்தது.

லிஃப்ட் கதவைத் திறக்கும் சாவி கீழே எலெக்ட்ரீஷியனிடம் இருந்தது. ஆனால் அந்த அலுவலகத்தில் சுவரில் ஆணி அடிக்கக்கூட ஆணை வேண்டும். அதுவும் எழுத்தில்.

செய்தி கேட்டுத் தலைமை எழுத்தர் கலங்கவில்லை. 'இம்மீடியட்லி' திறக்கும்படி எழுதினார். படித்துப் பார்த்தால், சட்டை போடாமல் சபைக்கு வந்தவரைப் போல இருந்தது வாக்கியம். அடித்துவிட்டு 'ஃபோர்த்வித்' போட்டு, மேலாளரிடம் கையெழுத்துக்குப் போனார்.

"'இம்மீடியட்லி' போதாதா?" என்றார் மேலாளர்.

"அதை யார் வேணும்னாலும் எழுதுவாங்க சார். இது கோர்ட்ல புழங்குற வார்த்தை. 'ஃபோர்த்' தனி, 'வித்' தனி. பல நூறு வருஷத்துக்கு முன்னாடி ரெண்டும் ஒண்ணாச் சேர்ந்துச்சு. துளிகூடத் தாமதம் கூடாதுன்னு அர்த்தம்."

"அப்படியா? உக்காந்து விவரமாச் சொல்லுங்க."

கணக்குப் பிரிவும் நாற்காலியோடு வந்து சேர்ந்தது. அந்தச் சொல் வாக்கியத்தின் முதலில் வருமா, கடைசியில் வருமா என்று 'கலந்தாய்வு' நடந்தது. டீ வந்தது.

போன் அடித்தது.

"என்னங்க, மூச்சு முட்டுது. யாரையாவது வரச் சொல்லுங்க."

"பதறாதம்மா. உனக்காகத்தான் மீட்டிங்கே போட்டிருக்கோம். ஏதோ ஒரு சாதாரண வார்த்தையைப் போட்டு உன்னை வெளிய எடுத்துடுவேனா?"

மனைவி போனை வைத்துவிட்டார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். அந்த நிமிடம் தன்னைத் தானே மெச்சிக்கொண்டதை நினைத்தால் அவருக்கு இன்றும் வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

எலெக்ட்ரீஷியனிடம் ஓடிப்போய், "கதவைத் திறப்பா!" என்று கத்திவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் தலைமை எழுத்தர் கத்தினால் நன்றாகவா இருக்கும்?

'ஃபோர்த்வித்' கடைசியில்தான் வரவேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று. கையெழுத்து, முத்திரை, எலெக்ட்ரீஷியன், சாவி. கதவு திறந்தது. மனைவி வியர்வையில் தொப்பலாக நனைந்து வெளியே வந்தார்.

"ரொம்பப் பயந்துட்டியாம்மா?"

"லிஃப்ட் நின்னதுக்குப் பயப்படலைங்க. வெளிய இருந்து காப்பாத்தப்போறது நீங்கன்னு தெரிஞ்சப்பதான் பயந்துட்டேன்."