நூற்று இருபது தாண்டக்கூடாது

“மீட்டருக்கு மாறவே மாட்டேங்குது கேப்டன்!”

பிரிசெய்தா எல்லாப் பொத்தான்களையும் அழுத்திப் பார்த்துவிட்டாள். கொசுமெல் தீவில் முக்குளிப்பு வழிகாட்டியாக அவளுக்கு அன்றுதான் முதல் நாள். கடையில் வாடகைக்குக் கொடுக்கும், மணிக்கட்டில் கட்டும் டைவ் கம்ப்யூட்டர்கள் அமெரிக்கக்காரர்களுக்காக ஆழத்தை அடியில் காட்டின. அவள் தன் கையில் கட்டியிருந்த சொந்தக் கம்ப்யூட்டர் மீட்டரில் காட்டியது.

“மூணால பெருக்கி, மேல கொஞ்சம் போட்டுக்கோ பொண்ணே,” என்றார் படகோட்டி வில்பெர்ட்.

“அந்தக் கொஞ்சம் எவ்வளவுன்னு தெரியாமதான் ஆளுங்க சாவறாங்க!”

கம்ப்யூட்டரை வாங்க நீண்ட கை அப்படியே நின்றது. “யாரும்மா சாவறாங்க?” என்றார் டான் எவெலியோ. மான்டெரேயிலிருந்து மனைவியோடு வந்தவர். கடைசியாகக் கடலுக்குள் இறங்கி ஒன்பது வருஷமாகிறது.

“யாருமில்ல, பேச்சுக்குச் சொன்னேன். கட்டிக்கிட்டு வாங்க.”

சற்று நேரத்தில், “ரெடி!” என்று மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். மிளகாய்த்தூள் போட்ட மாங்காயைக் கடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி டோனியா அம்பாரோ, “பத்திரம்மா, அவர் பயந்த சுபாவம்,” என்றாள்.

பவளப்பாறை ஓரமாக இறங்கினார்கள். பிரிசெய்தாவின் கையில் இருபத்திரண்டு. அவர் கையில் எழுபத்திரண்டு. மூன்றால் பெருக்கி, கொஞ்சம் போட்டாள். கச்சிதம்! அவளுக்கு மூச்சு வந்தது.

பாறையோடு கொஞ்சம் மேலேறினார்கள். அவளுடையது பதினெட்டு. அவருடையது எண்பத்துநாலு.

மேலே ஏறினால் குறையத்தானே வேண்டும்? ஆளைக் கீழே இழுக்கும் நீரோட்டம் அந்தப் பக்கம் உண்டு. தன்னுடைய கம்ப்யூட்டரோ, போன வாரம் யாரிடமோ வாங்கிய பழசு. அது பொய் சொல்கிறதா?

அவர் கையைப் பிடித்து இன்னும் மேலே இழுத்தாள். தொண்ணூற்றேழு.

அவள் அந்த எண்ணை முறைத்தாள். எண்ணை முறைக்கும் அவளை அவர் முறைத்தார். நூற்றொன்பது.

கடை விதித்திருந்த ஆழ எல்லை நூற்று இருபது அடி. நீருக்குள் எழுதும் சிலேட்டை எடுத்து, ‘120 தாண்டக்கூடாது!’ என்று எழுதி நீட்டினாள்.

அவர் கண்கள் முகமூடிக்குள் பிதுங்கின. பென்சிலைப் பிடுங்கி, ‘தெரியும்! என்ன செய்யறது?’ என்று எழுதினார். நூற்று இருபத்தாறு.

மேலே வருமுன், உடம்பு பழக ஐந்து மீட்டரில் மூன்று நிமிஷம் நிற்க வேண்டும். மூன்று விரலைக் காட்டினாள். நூற்று முப்பத்தெட்டு! அத்தனை ஆழம் போய்வந்த உடம்புக்கு மூன்று எப்படிப் போதும்? அவசரமாகப் பத்து விரலையும் விரித்தாள்.

அவர் பத்து விரல்களையும் பார்த்தார். நூற்று ஐம்பத்தொன்று.

படகில் ஏறியதும் பிரிசெய்தா அலறினாள். “கேப்டன், ஆக்சிஜன்! இவர் நூத்தம்பது அடிக்குப் போயிட்டு வந்திருக்கார்!”

“உன் பக்கத்துலதானே இருந்தார்?”

“அப்ப நானும் போயிருக்கேன் போல! எனக்கும் குடுங்க!”

வில்பெர்ட் இருவர் முகத்திலும் ஆக்சிஜன் மூடியை மாட்டினார். டான் எவெலியோ மூடியை விலக்கிவிட்டு மணிக்கட்டைப் பார்த்தார். “ஐயோ, நூத்தம்பத்தெட்டு! ஆஸ்பத்திரிக்குத் தகவல் சொல்லுங்க!”

பிரிசெய்தா தன் மூடியையும் விலக்கினாள். “படகுல உக்காந்திருக்கும்போது கூட ஆழம் எப்படிக் கேப்டன் கூடும்?”

டோனியா அம்பாரோ மாங்காயைக் கீழே வைத்தாள்.

“ஆழமா? உங்க கம்ப்யூட்டர் கைக்குப் பெருசா இருக்குன்னு என் பையிலதானே போட்டுட்டுப் போனார். அவர் கட்டியிருக்கறது எங்க பொண்ணு வாங்கிக் குடுத்த நாடித்துடிப்பைக் காட்டற கடிகாரம்மா!”