ஐந்து கால் நந்தியும் கட்டம் சாரும்

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஞாபகமும் முன்னே பின்னே போகும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஒன்றை மட்டும் அடித்துச் சொல்வேன். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரைக்கும் கட்டம் சாரைப் போல் சந்தேகப்படுகிற மனிதர் இன்னொருவர் பிறக்கவில்லை. கடல் எட்டிப் பார்க்கும் என்று ஜன்னலைச் சாத்தி வைத்தவர் அவர்.

மாமல்லபுரத்தில் ஒரு சிற்பப் பட்டறையின் ஆபீசில் பெருக்குவதும் டீ வாங்கிக் கொடுப்பதும் என் வேலை. கட்டம் சார் தினமும் செங்கல்பட்டிலிருந்து பஸ்ஸில் வருவார். கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் போட்டு, எந்தச் சிலைக்கு எவ்வளவு உயரம், எவ்வளவு கல், எத்தனை நாள் வேலை, என்ன விலை என்று ஒவ்வொரு கட்டத்திலும் எழுதி வைத்திருந்தார். எக்செல் என்பார்கள். அதனால் சிற்பிகள் வைத்த பெயர்தான் கட்டம் சார்.

அந்தக் கட்டங்களை யாரும் பார்க்கக் கூடாது. நான் டீயோடு போனால்கூட கம்ப்யூட்டர் மேல் துண்டைப் போட்டுவிடுவார். அதில் இருப்பதெல்லாம் இங்கிலீஷ், எனக்குத் தெரியாது என்றாலும் கேட்கமாட்டார். சுவரைப் பார்த்துக்கொண்டே டீ வைத்து வைத்து, ஒருநாள் பேனா டப்பாவுக்குள் ஊற்றிவிட்டேன். அதற்குத் திட்டவில்லை. "பாக்காம ஊத்தின பாரு, அதான் ஆயா நேர்மை" என்றார்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் பூட்டுப் போட்டிருந்தார். முதலாளியே ஒரு விலையை மாற்றப் போனால் கம்ப்யூட்டர் டொங்கென்று கத்தும். அதைத் திறக்கிற வார்த்தையைத் தினமும் மாற்றுவார். மாற்றியதை மறந்துவிட்டு, ஒவ்வொரு சாமி பேராகச் சொல்லித் தட்டிப் பார்ப்பார். பாதி நாள் அவர் அறையில் அர்ச்சனை நடக்கிற மாதிரியே இருக்கும்.

ஒருநாள் முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தனக்கு ஒரு நகல் வேண்டும், பெரிய ஸ்தபதிக்கு ஒன்று, பேக்கிங் பார்க்கிறவருக்கு ஒன்று. கட்டம் சாருக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. இரண்டு நாள் துண்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு என்னமோ செய்தார். பிறகு பெண்ணைக் கட்டிக் கொடுக்கிற தகப்பன் முகத்தோடு முதலாளிக்குப் போனிலும் மற்ற இரண்டு பேருக்குத் தாளிலும் கொடுத்தார்.

கொஞ்ச நாளில் ரோட்டுக்கு அந்தப் பக்கத்துப் பட்டறையில் நம்முடைய கணக்கு அப்படியே இருப்பதாகப் பேச்சு வந்தது. அதே அளவு, விலை மட்டும் ஒரு பிடி குறைவு. திருடு போய்விட்டது என்று எல்லோரும் பதறினார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் வீட்டில் கோழி திருடு போனால் கூடையில் கோழி இருக்காது. இங்கே எல்லாம் அப்படியே கம்ப்யூட்டரில் இருக்கிறது. "திருடு போச்சுன்றீங்க, ஆனா அங்கயேதானே கீது சார்?" என்று கேட்டேன். கட்டம் சார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

முதலாளியின் சந்தேகம் அவர் மேலேயே விழுந்தது. பூட்டும் சாவியும் வைத்திருப்பவர் அவர்தானே. மாசக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொன்னார். கட்டம் சார் பொத்தேரி காலேஜில் படிக்கிற மகளிடம் இதை எப்படிச் சொல்வது என்று என்னிடம்தான் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? இன்னொரு டீ வாங்கி வந்தேன்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பட்டறைக்குப் பட்டறை ஆயிரம் போட்டி இருந்தாலும், சிலை லட்சணத்தில் சந்தேகம் வந்தால் வயசான ஸ்தபதியிடம் வந்துதான் கேட்பார்கள். அப்படித்தான் அந்தப் பக்கத்துப் பட்டறைக்காரர் பெரிய ஸ்தபதியிடம் பழத்தட்டோடு வந்தார். ஈசிஆர் ரோட்டில் புது ஹோட்டல் கட்டுகிறவர் அவர்கள் பட்டியலைப் பார்த்து ஐந்து கால் நந்தி கேட்டுவிட்டாராம், முன்பணமும் கொடுத்துவிட்டாராம். எப்படிச் செதுக்குவது?

ஸ்தபதி உளியைக் கீழே வைத்தார். "படுத்துகினு கீற மாடு. நாலு காலையே மடக்க எடம் பத்தல. அஞ்சாவது காலை எங்கடா மடக்குவ?"

உள்ளே ஏதோ விழுந்த சத்தம் கேட்டு ஓடினேன். கட்டம் சார் நாற்காலியிலிருந்து விழுந்து, தரையில் உட்கார்ந்தபடியே சிரித்துக்கொண்டிருந்தார். புத்தி பிசகிவிட்டது என்றே நினைத்தேன். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. மூன்று நகலிலும் ஆளுக்கு ஒரு பொய்ச் சிலையை எழுதி வைத்திருக்கிறார். ஒன்றில் தொந்தி இல்லாத பிள்ளையார், ஒன்றில் கொம்பு வைத்த ஆமை, ஒன்றில் ஐந்து கால் நந்தி. எந்தப் பொய் வெளியே போகிறதோ அந்த நகல்தான் ஓட்டை. சாமிக்குக் கை கூடுதலாக வைத்தால் யாருக்கும் சந்தேகம் வராது, அதனால்தான் காலில் கை வைத்தாராம்.

அப்படியானால் நந்தி யாருடைய நகலில் என்று கேட்டேன். சிரிப்பு சட்டென்று நின்றது. "சொல்ல முடியாது ஆயா. சொன்னா அவரு மூஞ்சில நான் எப்படி முழிக்கறது?"

எனக்கு மறுபடியும் குழப்பம். சொன்னால் வேலை தங்கும், சொல்லாவிட்டால் போகும். இதில் முழிக்க என்ன இருக்கிறது?

அதற்குள் வாசலில் முதலாளியின் குரல் கேட்டு இரண்டு பேரும் வெளியே வந்தோம். பெருமையாகத் தன் போனைத் திறந்து, "நம்ம லிஸ்ட்லயே கீதே, அஞ்சு கால் நந்தி" என்று வந்தவருக்குக் காட்டிக்கொண்டிருந்தார். ஸ்தபதி தன் தாளைப் பார்த்தார். இல்லை. பேக்கிங்காரர் பார்த்தார். அவரிடமும் இல்லை. மூன்று பேரும் கட்டம் சாரைப் பார்த்தார்கள். அவர் சுவரைப் பார்த்தார்.

முதலாளிக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. "பெருமைக்குத்தான்யா நம்மாளுங்க வாட்ஸ்அப் குரூப்ல இந்த லிஸ்ட்ட போட்டேன்" என்றார், யாரும் கேட்காமலே. பிறகு கட்டம் சார் பக்கம் திரும்பாமல், அடுத்த மாசம் சீக்கிரம் வரப் பாருங்கள், வேலை நிறைய இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவர் மன்னிப்புக் கேட்டால் அப்படித்தான் இருக்கும்.

அன்று சாயங்காலம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். எனக்கும் ஒரு நகல் கொடுத்திருந்தால், அதில் என்ன பொய் எழுதியிருப்பீர்கள் என்று. "உனக்கு ஒண்ணும் எழுதியிருக்க மாட்டேன் ஆயா" என்றார்.

இப்போது அவர் மகளோடு வேறு ஊரில் இருக்கிறார். தெரிந்தவர்கள் யாராவது நான் எழுதியது சரிதானா என்று அவரிடம் கேட்டுத் திருத்துங்கள். பேனா டப்பாவா டம்ளரா, ஆமைக்குக் கொம்பா மீசையா, எல்லாம் கேளுங்கள். அந்தக் கடைசிப் பதிலை மட்டும் கேட்க வேண்டாம். அது என் காதில் விழுந்தபடியே இருக்கட்டும்.