எழுந்திருக்காத சம்பந்தி

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: நான். என் அக்கா. என் நாத்தனார் செல்வி. பக்கத்து வீட்டு பர்வீன், தையல் கடை வைத்திருப்பவள். எலவனாசூர்கோட்டையிலிருந்து வந்த மாப்பிள்ளையின் அம்மா. அவருடைய மகள், காலேஜில் படிக்கும் பெண். ஆண்கள் வெளியே பந்தலில் இருந்தார்கள். என் மகளுக்கு நிச்சயதார்த்தம். அவள் பக்கத்து அறையில் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

எனக்கு மூன்று பிள்ளைகள். மூன்றாவது பிறந்த இருபதாம் நாள் மரவள்ளி மூட்டை தூக்கினேன். அதிலிருந்து இருமினால் சிறுநீர் சொட்டும். சிரித்தாலும் சொட்டும். சிரிப்பதை விட்டுவிட்டேன். (எங்கள் ஊர் ரிஷிவந்தியத்தில் என்னை ரொம்பக் கண்டிப்பானவள் என்பார்கள்.) பதினைந்து வருடம் யாரிடமும் சொல்லவில்லை.

நிச்சயம் நெருங்க பயம் வந்தது. சபையில் சொட்டினால் மகள் கதி? கள்ளக்குறிச்சியில் ஒரு நர்ஸம்மாவிடம் போனேன்.

"அக்கா, இடுப்புக்கு அடியில புடவைத் தூளி மாதிரி தசை இருக்கு. முன் எலும்புலருந்து பின்னாடி வால் எலும்பு வரைக்கும். மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூணும் அதும்மேலதான் குந்திக்கினு இருக்கு. உங்க தூளி தொங்கிப்போச்சு. உள்ளுக்குள்ள மேல தூக்கிப் புடிங்க, பத்து எண்ணுங்க, விடுங்க. மூச்ச அடக்காதீங்க. வயித்தயும் பின்பக்கத்தயும் இறுக்காதீங்க. மாசக்கணக்குல செய்யணும்."

பிடி, எண்ணு. இது மட்டும் மனதில் நின்றது. மற்றதை பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன்.

அன்று ஜமுக்காளத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டிருந்தேன். மூச்சையும் சேர்த்து. அப்போதுதான் மாப்பிள்ளையின் அம்மா உள்ளே வந்தார். எல்லாரும் எழுந்தார்கள். நான் ஆறில் இருந்தேன்.

"இன்னாங்க, புள்ளயப் பெத்தவ வந்து நிக்கிறேன். எழுந்திருக்க மாட்டீங்களா?"

பல்லைக் கடித்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். கண் பிதுங்கியிருக்கும்.

"ஏழு" என்றேன்.

"மூஞ்சியில எள்ளும் கொள்ளும் வெடிக்குது. இந்த வூட்ல பொண்ணு வாணாம். பாப்பா, தட்ட எடு, கெளம்பலாம்."

செல்வி என் தோளைக் குத்தினாள். "எழுந்திரு அண்ணி! சம்பந்தம் போவுது!"

எழுந்தேன். அடுப்படியிலிருந்து மிளகாய் தாளித்த நெடி வந்தது. தும்மினேன்.

ஜமுக்காளம் நனைந்தது. மறைக்க இனி ஒன்றும் இல்லை. சொல்லிவிட்டேன். மூட்டை, தூளி, பத்து வரை எண்ணுவது, எல்லாம்.

மாப்பிள்ளையின் அம்மா கதவைச் சாத்தினார். ஈரம் படாத பக்கம் பார்த்து உட்கார்ந்தார்.

"எத்தினி புள்ள?"

"மூணு."

"எனக்கு நாலு. பஸ்ஸுல துணி வெச்சிக்கினுதான் வந்தேன்." மகளைப் பார்த்தார். "தட்ட கீழ வை."

பர்வீன், "எனக்கும் அப்படித்தாங்க. மிஷின் மிதிச்சா ஜாஸ்தி" என்றாள். அக்கா தலையை ஆட்டினாள். செல்வி, "எனக்கும்" என்று அழுதாள். (அவளுக்கு ஒரே பிள்ளைதான்.)

பர்வீன் ஓடிப்போய் ஒரு புடவை கொண்டுவந்தாள். தட்டு மாற்றினோம். ஆண்கள் நேரமானதற்கு நல்ல நேரத்தைக் காரணம் சொல்லிக்கொண்டார்கள்.

நான் எழுந்திருக்கத் தாமதித்தால் அம்மா சொல்லிக் கதை தெரிந்த மருமகன் இன்றும் கேட்பார்: "அத்தை, எத்தினில இருக்கீங்க?" எல்லாரும் சிரிப்பார்கள். நான் பதில் சொல்வதில்லை. எண்ணிக்கை விட்டுப்போகும்.

நிச்சயம் முடிந்து அடுத்த முறை போனபோது நர்ஸம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அந்த அறையில் எத்தனை பேருக்கு இப்படி என்று கேட்டார். விரல் விட்டு எண்ணினேன்.

ஆறு பேரில் ஐந்து.