போர்வைக்கு மேலே ஒரு ஆபரேஷன்

தெரு முழுக்க ஒரே பேச்சு. பூக்கை ஐயா வருகிறாராம். கத்தி வேண்டாம், மயக்க ஊசி வேண்டாம், சட்டைப் பொத்தானைக்கூடக் கழற்ற வேண்டாம். போர்வைக்கு மேலேயே கை வைப்பார். உள்ளே இருக்கும் நோய் சதைத்துண்டாக வெளியே வந்துவிடும். போர்வையில் ஓட்டை விழாதா என்று கேட்கிறீர்களா? உங்களை மாதிரி ஆட்களுக்கு அங்கே இடமில்லை.

அவர் வந்து இறங்கியது பூட்டு ரிப்பேர் செய்பவன் வீட்டில். பூட்டுக்காரன் குடல்வால் ஆபரேஷன் முடிந்து போன வாரம்தான் வீடு திரும்பியிருந்தான். இருமினால் வயிற்றில் தலையணையை அணைத்துக்கொள்ள வேண்டும். சிரித்தாலோ உயிரே போகும். அவனைப் பார்த்துக்கொள்ள வந்த அக்காதான் ஐயாவை வரவழைத்தாள். அவளுக்குப் பித்தப்பையில் கல். பை வீங்கிவிட்டது, தள்ளிப்போட்டால் ஆபத்து, நாளைக்கே ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"நீ படுற பாட்டைப் பார்த்துட்டுத்தான்டா சொல்றேன். என்னைக் கூறு போட விடமாட்டேன்" என்றாள் அக்கா.

பூட்டுக்காரன் விடவில்லை. கூடப் பிறந்தவள் இவள் ஒருத்திதான். கத்திப் பார்த்தான், கெஞ்சிப் பார்த்தான். கடைசியில், "சரிக்கா. முதல்ல எனக்குப் பார்க்கட்டும். சரியாச் சொன்னா நான் வாயே திறக்கல. தப்பாச் சொன்னா நாளைக்கு நீ ஆஸ்பத்திரிக்கு வரணும்" என்றான்.

"வர்றேன்."

ஐயாவிடம் ஒரு சட்டம் உண்டு. நோய் என்னவென்று யாரும் சொல்லக் கூடாது. சொன்னால் கையின் சக்தி போய்விடும். அதனால், பூட்டுக்காரனை ஆஸ்பத்திரிக்கே போய் நலம் விசாரித்த தெரு ஜனம் அத்தனையும் அறையில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது.

ஐயா உற்றுப் பார்த்தார். நோயாளியின் கை வலப்பக்க அடிவயிற்றைத் தாங்கியிருந்தது. போதாதா? கண்ணை மூடினார். போர்வையை லேசாகப் பிசைந்தார். ரத்தம் சொட்டும் ஒரு துண்டைத் தூக்கிக் காட்டித் தட்டில் போட்டார்.

"குடல்வால். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா வெடிச்சிருக்கும். நல்லவேளை, பொழச்சுக்கிட்டே."

கூட்டம் கை தட்டியது. ஆமாம், தட்டியது.

பூட்டுக்காரன் போர்வையை விலக்கிச் சட்டையைத் தூக்கினான். தையல் தெரிந்தது.

"என்னோடதைப் போன வாரமே எடுத்துட்டாங்க ஐயா. இது யாரோடது?"

ஐயா குனிந்து தையலைப் பார்த்தார். அப்புறம் சமாளித்தார். "வேரோட எடுக்கல. திரும்ப முளைச்சிருக்கு."

"அதானே பார்த்தேன்" என்றார் பக்கத்து வீட்டு வாத்தியார். பள்ளியில் அவர் நடத்துவது அறிவியல்.

பூட்டுக்காரனுக்குச் சிரிப்பு பீறிட்டது. தலையணையைக் கட்டிக்கொண்டு, வலியில் கண்ணீர் வழிய, "அப்போ இன்னொண்ணு முளைச்சிருக்கான்னு பாருங்க. சட்டைக் கையை மட்டும் சுருட்டிக்கோங்க" என்றான்.

"சுருட்டினா சக்தி போயிடும்."

அதற்குள் வீட்டுப் பூனை கட்டிலில் ஏறிவிட்டது. தட்டிலிருந்த குடல்வாலை முகர்ந்தது; திருப்தியாகத் தின்றது. பிறகு ஐயாவின் சட்டைக் கைக்குள் மூக்கை நுழைத்தது. ஐயா அலறிக் கையை உதற, உள்ளேயிருந்து ஒரு பிளாஸ்டிக் பை விழுந்து பிரிந்தது. கோழி ஈரல் துண்டுகள். கூடவே இரண்டு கூழாங்கற்கள்.

அக்கா அந்தக் கற்களைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "இது எனக்குன்னு எடுத்துட்டு வந்ததா?" என்று கேட்டாள். பதில் சொல்ல ஐயா அங்கே இல்லை. செருப்பை விட்டுவிட்டு ஓடியிருந்தார்.

"தம்பி, நாளைக்கு எத்தனை மணிக்குடா போகணும்?" என்றாள் அக்கா.

பூட்டுக்காரன் தலையணையில் முகம் புதைத்து அழுதான். சிரித்த அளவுக்கு அது வலிக்கவில்லை.

"பூனை குறுக்க வந்ததாலதான் காரியம் கெட்டுச்சு" என்று விளக்கிக்கொண்டே வெளியேறினார் வாத்தியார். ஐயா நீட்டியதை அந்த அறையில் முகர்ந்து பார்த்துவிட்டு விழுங்கியது பூனை ஒன்றுதான். மற்றவர்களுக்கும் மூக்கு இருந்தது. அதற்கு மேலே மூளையும் இருந்தது. எதற்கு என்று வீட்டுக்குப் போய் யோசியுங்கள்.