குரங்கணிக்குப் போன நாப்பத்தேழாம் நம்பர் கதவு

போடிநாயக்கனூர்,
ஐப்பசி மாதம், 1956.

ராசிங்காபுரம் மாப்பிள்ளை ஒச்சப்பனுக்கு, உன் அக்காள் புருசன் காசிமாயன் சொல்லச் சொல்ல, தபாலாபீசு வாசலில் பொன்னுமணி எழுதும் கடுதாசி. இங்கே நானும் உன் அக்காள் இருளம்மாளும் கறவை மாடும் சுகம். அங்கே பிள்ளைகளும் கிணற்றுத் தண்ணீரும் குறைவில்லாமல் இருக்கிறதா என்று அறிய ஆசை.

நிற்க. இது ஓட்டு விஷயம். போன தேர்தல்ல உன் அக்கா, நீ தீபாவளிக்கு எடுத்துக் குடுத்த ஊதாச் சேலையைக் கட்டிக்கிட்டு விடியுமுன்னே போயி நின்னா. பட்டியல் பாத்தவர் விரலை நாக்குல தொட்டுத் தொட்டு மூணு தடவை தாளைப் புரட்டிட்டு, "பேர் இல்லம்மா, போயிட்டு வாங்க"ன்னாரு. பேர் எழுத வந்தப்ப நாங்க ஏலக்காய் எடுக்க மலையில கெடந்தோம். வீட்டுக்கு வந்தவ சேலையை மடிச்சுப் பொட்டிக்கு அடியில வச்சுட்டா. அந்தச் சேலையை இன்னிக்கு வரைக்கும் கட்டலை.

இந்தத் தடவை அப்படி ஆகக்கூடாதுன்னு ஆடியிலயே காத்திருந்தேன் மாப்ளே. பட்டியல்காரர் வந்தாரு, ரெண்டு பேரையும் எழுதினாரு, கதவுல தாரால 47னு போட்டாரு, "பெரியவரே, நம்பர் அழியாமப் பாத்துக்கங்க, திரும்பச் சரிபாக்க வருவோம்"னாரு. பாத்துக்கிட்டேன். காய் எடுக்கக் குரங்கணி மலைக்குப் போகணும், இங்க விட்டுட்டுப் போனா எதிர்வீட்டு ஆடு முதுகு தேய்ச்சே அழிச்சிரும், மலைமேல நாங்க தங்குற குடிசைக்கும் கதவில்லாம கரடி எட்டிப் பாக்குது, அதனால கதவைக் கழட்டிக் கழுதையில ஏத்திக் கொண்டுபோயிட்டேன். இங்க வீட்டு வாசலுக்கு மூங்கில் படல் சாத்தினேன். நம்பர் எங் கண்ணு முன்னால பத்திரமா இருந்துச்சு. அங்கயும் ஒரு பட்டியல்காரர் மூச்சு வாங்க ஏறி வந்தாரு, கதவைப் பாத்தாரு, "அதான் நம்பர் போட்டாச்சே"ன்னு மோரைக் குடிச்சிட்டு எறங்கிட்டாரு.

நேத்து எறங்கி வந்து, சாவடியில ஒட்டியிருக்கிற பட்டியலைப் படிக்கச் சொன்னேன். 46 இருக்கு, 48 இருக்கு. குமாஸ்தாவைக் கேட்டா, "சரிபாக்க வந்தோம், கதவே இல்லை. கதவில்லாத வீட்டுல யாரு குடியிருப்பா? பேரை அடிச்சிட்டோம்"ங்கிறாரு. "கதவு எங்கூடத்தான்யா இருந்துச்சு"ன்னேன். "நீங்க எங்க இருந்தீக?"ன்னாரு. "கதவுகூட"ன்னேன்.

வெள்ளிக்கிழமைக்குள்ள, பட்டியல்ல பேர் உள்ள, கையெழுத்துப் போடத் தெரிஞ்ச ஒருத்தர் வந்து சொன்னாத் திரும்பச் சேப்பாகளாம். எனக்காகக் கேக்கலை. உன் அக்கா இன்னொரு தடவை அப்படித் திரும்பி வர்றதை என்னால பாக்க முடியாது. சோலியைப் போட்டுட்டு வெரசா வா.

உன் பிள்ளைகள் பசியறியாமலும் எந்தப் பட்டியலிலும் பேர் விடுபடாமலும் நூறு வருசம் இருக்க சுருளி வேலப்பர் துணை.

இப்படிக்கு,
காசிமாயன் (கைநாட்டு)

பின்குறிப்பு: உறையை ஒட்டுறதுக்குள்ள உன் அக்கா வந்துட்டா. போன வாரம் சந்தைக்கு எறங்கினவ, பேரை அடிச்சது தெரிஞ்சு, வாத்தியாரம்மாவைக் கூட்டிப் போயி, தன் பேரும் உங்கப்பன் பேரும் சொல்லி அப்பவே சேத்துட்டாளாம். அது சாவடியில ஒட்டாத தனித் தாள்ல இருக்காம். "எங்கிட்ட ஏன் சொல்லலை?"ன்னு கேட்டா, "நீங்கதான் கதவுக்குக் காவல் இருந்தீகளே"ங்கிறா. குமாஸ்தா "வீட்டுல வேற யாரு?"ன்னு கேட்டிருக்காரு. "அவுக." "அவுக பேரு?" "அவுகதான்." நாப்பது வருசமாப் புருசன் பேரைச் சொல்லாத வாயி, குமாஸ்தா கேட்டா மட்டும் சொல்லிருமா? அவரு பேனாவை மூடிட்டாராம். ஆகையால் மாப்ளே, இப்ப பேர் இல்லாதது நான் ஒருத்தன்தான். வெள்ளிக்கிழமை வந்து எம் பேரைச் சொல்லு. நீ சொன்னாக் குத்தமில்லை.